ஏரியூர் பஸ் டிரைவரின் போர் விமானம்

வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆம்பளையைப் பார்த்துக்கொள்வது இருக்கிறதே, அது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதைவிடக் கஷ்டம். குழந்தையாவது அழுது எதையாவது கேட்கும். என் வீட்டுக்காரர் அழவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஆடி மாசத்திலிருந்து நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், கூப்பிடாவிட்டால் வரவில்லை. எனக்கோ வாய் நீளம். சத்துணவுக் கூடத்தில் நாளெல்லாம் பிள்ளைகளோடு கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், கத்துவதற்கும் ஆள் இல்லை, எதிர்த்துப் பேசுவதற்கும் ஆள் இல்லை.

அவர் பெயர் மாதேஷ். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை ஏரியூர்–தர்மபுரி பஸ் டிரைவராகத்தான் எனக்குத் தெரியும். பஸ் காளியப்பன் முதலாளியுடையது என்றாலும், ஊர்க்காரர்கள் 'மாதேஷ் வண்டி' என்றுதான் சொல்வார்கள். அந்த வண்டியில்தான் ஆடி மாசம் ஒரு சாயங்காலம் அது நடந்தது.

பென்னாகரத்திலிருந்து திரும்பி வரும்போது, புளியமரங்கள் நெருக்கமாக நிற்கிற ஒரு வளைவு. வளைவுக்கு முன்னால் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் ஒன்றை முந்தியிருக்கிறார். வளைவில் திரும்பும்போது எதிரே பைக்கில் பூபதி வந்தான். எங்களுக்கு மூன்று ஊர் தள்ளி இருக்கிற குள்ளம்மாளின் ஒரே மகன். நேருக்கு நேர் மோதி, பஸ் ரோட்டுக்குக் குறுக்கே போய் நின்றது. பையன் உயிர் பிழைத்ததே பெரிது. வலது கால் நொறுங்கிக் கம்பி வைத்துக் கட்டினார்கள். என்ன நடந்தது என்று அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

போலீஸ் வந்து பார்த்து, பைக்தான் எதிர்ப்பக்கம் ஏறி வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். குள்ளம்மாள்கூட, "எம் பையன் எப்பவும் வேகந்தாங்க" என்று சொல்லிவிட்டாள். முதலாளியும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இவர்தான் நம்பவில்லை.

"போலீஸ் வர்றதுக்குள்ள பையன வெளிய எடுக்கறதுக்காக எல்லாருமா சேந்து வண்டியத் தள்ளிட்டாங்க சோபனா. அப்புறம் என்னத்தப் பாத்துச் சொல்றாங்க? டிராக்டர முந்திட்டு நான் என் பக்கத்துக்கு வந்தனா, வலதுலயே இருந்தனா?"

"வந்திருப்பீங்க. இத்தன வருசம் ஓட்டுனவருக்குத் தெரியாதா?"

"ஸ்டீரிங்க ஒடிச்சது ஞாபகம் இருக்குது. எந்தப் பக்கம் ஒடிச்சேன்னுதான் தெரியல. வலது பக்கம் ஒடிச்சிருந்தன்னா, அந்தப் பையன் காலு என்னாலதான் போச்சு."

இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்களைக் கேட்டால் பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் போன். கண்டக்டர் பின்படியில் நின்றிருந்தான். டிராக்டர்காரரோ கரும்பு சரிந்துவிடுமோ என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கேட்பதற்கு வேறு ஆளே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பூபதியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நான் கூப்பிட்டபோதெல்லாம், "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் மட்டும் ஆர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய் வந்தேன். காளியப்பன் முதலாளி தங்கமான மனுசர். தற்காலிகமாக ஒரு பையனை வைத்து ஓட்டிக்கொண்டு, கார்த்திகை வரைக்கும் பார்க்கிறேன், அதற்குமேல் வேறு டிரைவர் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். நான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அம்மனிடமும் கொஞ்சம் சண்டை போட்டேன், பொய் சொல்வானேன்.

இந்த லட்சணத்தில்தான் எங்கள் மகள் சந்தியா ஆயுதபூஜை லீவுக்குப் பெங்களூரிலிருந்து வந்தாள். வரும்போது துணிப்பையோடு ஒரு பெரிய அட்டைப்பெட்டி. என்னடி இது, மிக்ஸியா என்று கேட்டேன். திறந்து காட்டினாள். டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல், ஒரு ஜாய்ஸ்டிக், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு லீவர், காலில் மிதிக்க இரண்டு பெடல். சண்டை விமானம் ஓட்டுகிற கேமுக்கு உண்டான சாமான்களாம். கொச்சி, புனே என்று நாலு ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து டீமாக ஓட்டுவார்களாம். இவள் புது செட் வாங்கிவிட்டதால் பழசை அப்பாவுக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம். "ஏன்டி, உங்கப்பன் திரும்ப வண்டி ஏற மாட்டேங்கறாருன்னு நானே தல வெடிச்சுக் கெடக்கறேன். எதாச்சும் சொல்லி வேலைக்கு அனுப்புவன்னு பாத்தா, நீ மனுசன ஆகாசத்துக்கு அனுப்பறியா?"

"கம்முனு இரும்மா. சும்மா ரோட்டப் பாத்துட்டு இருக்கறதுக்கு, இதையாச்சும் பாக்கட்டும்."

துணி தேய்க்கிற மேசையின் விளிம்பில் ஜாய்ஸ்டிக்கையும் லீவரையும் இறுக்கி மாட்டினாள். பெடலை மிதித்தால் அது வழுவழுப்புத் தரையில் சறுக்கிக்கொண்டு ஓடியது. முட்டுக் கொடுக்க எதையாவது கொடு என்றாள். நான் முணுமுணுத்துக்கொண்டே கேழ்வரகு மூட்டையை இழுத்து வந்து அதன் முன்னால் வைத்தேன். வெள்ளைக்காரன் செய்த பெடலுக்கு எங்கள் வீட்டுக் கேழ்வரகு முட்டுக் கொடுத்தது.

அவர் முதலில் திரும்பியே பார்க்கவில்லை. சந்தியாதான் ஓட்டினாள். விமானம் மேகத்துக்குள் போவதும் கவிழ்வதும் எதிரி விமானத்தைத் துரத்துவதுமாக டிவி ஒரே இரைச்சல். இரண்டாம் நாள் சாயங்காலம் இறங்கும்போது தரையில் தட்டி வண்டியை உடைத்துக்கொண்டாள். ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

"எறக்கத்துல அவ்ளோ வேகமா வந்தா உடையாம என்ன பண்ணும்?"

"அப்ப நீங்க வந்து எறக்குங்க."

அவர் எழுந்து வந்ததை நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தார். கால் தானாகப் பெடலுக்குப் போயிற்று. ஜாய்ஸ்டிக்கைத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தினமும் பஸ்ஸில் ஏறியவுடன் ஸ்டீரிங்கைத் தொட்டுக் கும்பிடுகிற பழக்கம். அப்படிச் செய்து மாசக்கணக்கில் ஆகியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்காக உடனே அவர் பெரிய விமானியாகிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் வாரம் பூராவும் கூத்துதான். வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் இடது பெடலை க்ளட்ச் என்று அழுத்துவார், விமானம் ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டு கவிழும். எதிரே எது வந்தாலும் ஹாரன் பட்டன் எது என்று கேட்பார். "அப்பா, சண்டை வண்டில ஹாரன் இருக்காதுப்பா" என்று சந்தியா தலையில் அடித்துக்கொண்டாள். ஹாரன் இல்லாம எந்த மடையன் வண்டி செஞ்சான் என்று இவர் முறைத்தார். ஒரு நாள் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு ஓடுதளத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சந்தியா, என்னப்பா கிளம்பலையா என்று கேட்டாள். அதே நேரம் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. சடாரென்று லீவரைத் தள்ளி விமானத்தைக் கிளப்பிவிட்டார். விசில் வராமல் வண்டியை எடுக்கக் கை வரவில்லையாம். எனக்கு வந்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

லீவு முடிந்து சந்தியா பெங்களூருக்குப் போய்விட்டாள். செட்டு இங்கேயே இருந்தது. அவள் அங்கிருந்து தன் புது செட்டில் ஓட்டுவாள், இவர் இங்கிருந்து ஓட்டுவார், பேச்சு டிவியிலேயே கேட்கும். டீமிலுள்ள பிள்ளைகளும் 'அங்கிள்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இவர் யாரையும் சுடுவதில்லை. குண்டு போடும் பட்டனில் விரலையே வைக்க மாட்டார். சரக்கு விமானத்துக்குக் காவலாகப் போகிற வேலை என்றால் மட்டும் இவரைக் கூப்பிடுவார்கள். முன்னாலும் போகாமல் பின்னாலும் தங்காமல் கூடவே போய், பத்திரமாக இறக்கிவிட்டு வருவார். ஓடுதளத்திலும் இடது ஓரமாகவே போவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருக்கும், ஒரு பக்கம் எரிச்சலாகவும் இருக்கும். ஏனென்றால் பஸ் பேச்சை எடுத்தால் முகம் பழையபடி இருண்டுவிடும்.

"ஆகாசத்துல ஓட்டறவருக்கு ரோட்டுல ஓட்டறதுக்கு என்ன?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஆகாசத்துல யாருக்கும் காலு போவாது" என்றார்.

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தது. முதலாளி போன் செய்தபோது, "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கண்ணா" என்று நானே கெஞ்சினேன். பொறுத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரியவில்லை.

இதற்கிடையில் டீமில் இவரால் ஒரு தொல்லை ஆரம்பித்தது. பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து எதிரெதிராக வந்து பயிற்சி செய்வார்கள். நேருக்கு நேர் வந்து, கடைசி நொடியில் விலகி, அப்புறம் திரும்பித் துரத்த வேண்டும். அதில் இவர் யாரோடு வந்தாலும் மோதிக்கொண்டார். கொச்சிப் பையனோடு மோதினார், புனேக்காரனோடு மோதினார், பெற்ற மகளோடும் மோதினார். "அங்கிள், ப்ளீஸ்" என்று அந்தப் பிள்ளைகள் கும்பிடாத குறை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். நான் முறத்தில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். சந்தியா மட்டும்தான் எதிரே ஓட்டினாள். இன்றைக்கு உங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் விடப்போவதில்லை என்று வரிந்து கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

இரண்டு விமானமும் தூரத்திலிருந்து புள்ளியாகக் கிளம்பி நேராக வந்தன. மோதி வெடித்தன. மறுபடி வந்தன. மறுபடி வெடித்தன.

"அப்பா, நிறுத்துங்க. நான் ரீப்ளே போடறேன், நீங்களே பாருங்க."

டிவியில் நடந்ததையே மேலிருந்து பார்ப்பதுபோலக் காட்டியது. கழுகு பறக்கிற உயரத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. சந்தியா அதை மெதுவாக ஓடவிட்டாள்.

"இது நான். என்னோட வலது கைப் பக்கம் விலகறேனா? இது நீங்க. நீங்க உங்க இடது கைப் பக்கம் வர்றீங்க. எதிரெதிரா வர்றப்ப என் வலதும் உங்க இடதும் ஒரே பக்கம்ப்பா. மோதாம என்ன ஆவும்? ஆகாசத்துல சட்டமே வேற. ரெண்டு பேரும் அவங்கவங்க வலது பக்கம் ஒடிக்கணும். எல்லா ஊர்க்காரனும் அப்படித்தான் ஓட்டறான்."

"நம்மூர்ல இடதுதானேம்மா."

"நம்மூர் ரோட்டுல. இது ரோடு இல்லப்பா. எங்க, வலதுன்னு சொல்லிக்கிட்டே வாங்க பாக்கலாம்."

இவர் சரி என்றார். உதடு அசைய "வலது, வலது, வலது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதிரே சந்தியாவின் விமானம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசி நொடியில் அவர் கை இடது பக்கம் ஒடித்தது. இரண்டு விமானமும் மோதி வெடித்தன.

"அய்யோ அப்பா" என்றாள் சந்தியா. "எத்தன தடவ சொல்றது?"

"இன்னொரு தடவ வா."

மறுபடி வந்தாள். இவர் ஜாய்ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், கை நரம்பெல்லாம் புடைத்துத் தெரிந்தது. வலது பக்கம் போகத்தான் நினைத்தார், அது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போனது இடது. சந்தியா கோபத்தில் அதுவரைக்கும் மோதியதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ரீப்ளே போட்டுக் காட்டினாள். கொச்சிக்காரனோடு மோதியது, புனேக்காரனோடு மோதியது, இவளோடு மோதியது. மேலிருந்து பார்த்தபோது எல்லாவற்றிலும் ஒரே விமானம் ஒரே மாதிரி இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"கை சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்று சலித்துக்கொண்டார் இவர்.

உரித்த மொச்சையோடு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

"ஏங்க. இப்ப வலது பக்கம் போவணும்னுதானே நெனச்சீங்க?"

"ஆமா."

"அப்புறம் ஏன் போவல?"

"அதான் சொல்றனே, கை போயிருச்சு."

"எந்தப் பக்கம் போச்சு?"

"இடது."

"எப்பவாச்சும் வலது போயிருக்குதா? ஒரு தடவையாச்சும்?" நான் டிவியைப் பார்த்துக் கேட்டேன். "ஏ சந்தியா, உங்கப்பா எதிர்ல ஆளு வர்றப்ப ஒரு தடவையாச்சும் வலது பக்கம் ஒடிச்சாராடி?"

"இல்லம்மா. அதானே எனக்குத் தலவலியே."

"அப்ப அன்னிக்கு மட்டும் எப்படிங்க ஒடிச்சிருப்பீங்க?"

டிவியில் சந்தியாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். இவர் என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"இது கேமு, சோபனா."

"கேமுதான். கை உங்க கைதானே?"

"டிராக்டர முந்தினனே. முந்திட்டு வலதுலயே வந்திருந்தா?"

"வந்திருந்தாலும் எதிர்ல ஒருத்தன் வர்றான்னா உங்க கை என்ன பண்ணும்னு இத்தன நேரம் கண்ணால பாத்தமே. வேணும்னே வலது போங்கன்னு சொன்னாக்கூட உங்களால போவ முடியல. யோசிக்கக்கூட நேரமில்லாதப்ப மட்டும் போயிருவீங்களா? எந்தப் பக்கம்னு தெரியலன்னு சொல்லிச் சொல்லி நீங்களும் செத்து என்னையும் சாவடிச்சீங்களே, இந்தப் பக்கந்தாங்க. உங்க கைக்கு வேற பக்கமே தெரியாது."

கோர்ட்டில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். யாரும் எங்களைக் கோர்ட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. நம்ப வேண்டியது ஒரே ஒரு ஆள்தான், அந்த ஆள் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சந்தியா" என்றார் டிவியைப் பார்த்து. "அந்த மேல இருந்து பாக்கறத இன்னொரு தடவ போடும்மா."

அவள் போட்டாள். இவர் குனிந்து, முகத்தை டிவிக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். இன்னொன்று போடச் சொன்னார். அப்புறம் இன்னொன்று. நாலாவதோ ஐந்தாவதோ ஓடும்போது அவர் தோள் குலுங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அம்மா செத்தபோதும் அழாத மனுசர் அன்றைக்குத் துணி தேய்க்கிற மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். டிவியில், "அம்மா, அப்பாவுக்கு என்னாச்சும்மா" என்று சந்தியாவும் அழுதாள். ஒன்றுமில்லை, நீ சாப்பிடப் போ என்று அவளை அதட்டினேன். அதட்டும்போது எனக்கும் மூக்கு அடைத்திருந்தது.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். பூபதி வீட்டுக்குப் போகலாம், பழம் ஏதாவது வாங்க வேண்டும் என்றார். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு என்று கேட்கிற பேச்சே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். ஸ்கூட்டியை நான்தான் ஓட்டினேன்.

பூபதி வாசலில் நாற்காலி போட்டு, காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். கம்பியை எடுத்துவிட்டிருந்தார்கள். கால் மெலிந்து குச்சியாக இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தான், இவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார். வலிக்குதா என்று இவர் கேட்டார். ராத்திரியில்தாங்கண்ணா, பகலில் அவ்வளவு இல்லை என்றான் அவன். இடதா வலதா என்ற பேச்சை இவர் எடுக்கவே இல்லை. அந்தப் பையனின் காலை மெதுவாகத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, தழும்பைத் தடவிப் பார்த்தார். அவனும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

குள்ளம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏந்தம்பி, நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க எப்ப வண்டிக்கு வரப்போறீங்க?"

இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாரா வாரம் இவன தர்மபுரிக்கு இட்டுக்கிட்டுப் போவணும். காலுக்குப் பயிற்சி குடுக்கறாங்க. இப்ப ஓட்டற பையன் எங்கூருக்கு ரோடு பிரியற பிரிவுல நிறுத்தவே மாட்டேங்கறான். நிறுத்தினாலும் இவன் கட்டைய ஊனிக்கிட்டுப் படி ஏறுறதுக்குள்ள எடுத்துடறான். போன வாரம் ரெண்டு பேரும் விழப் பாத்தோம். நீங்க இருந்தப்ப ஆட்டுக்குட்டி குறுக்க வந்தாக்கூட நின்னு பாத்துட்டுப் போவீங்க. எம் பையனுக்காகவாச்சும் வாங்க தம்பி."

நான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய காலை உடைத்துவிட்டேனோ என்று இவர் மாசக்கணக்கில் புழுங்கிக் கிடந்தாரோ, அந்த வீட்டுக்காரியே வந்து வண்டி எடு என்று கூப்பிடுகிறாள். இவர் பூபதியின் காலை ஸ்டூலின் மேல் பத்திரமாக எடுத்து வைத்தார்.

"எந்தக் கெழமைங்க போறீங்க?" என்று கேட்டார்.

"வியாழக்கெழமைங்க."

"வர்றேன்" என்றார்.

வியாழக்கிழமை காலையில் நானும் பஸ்ஸில் ஏறினேன். வர வேண்டாம் என்றார், கேட்கிற ஆளா நான். முன்பக்கம் பெண்கள் சீட்டில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டேன். பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர்கூட வெளியே வந்து கையைத் தூக்கிக் காட்டினார். இவர் யாரையும் பார்க்கவில்லை, பின்னங்கழுத்தில் வேர்த்திருந்தது. பிரிவில் வண்டியை நிறுத்தி, தானே இறங்கிப் போய், பூபதியைத் தாங்கி ஏற்றி, எஞ்சின் பக்கத்து சீட்டில் காலை நீட்ட வசதியாக உட்கார வைத்தார். குள்ளம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் அடித்தான்.

அந்த வளைவுக்கு முன்னால் தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இவர் முந்தவில்லை, பின்னாலேயே போனார். புளியமரங்கள் தெரிந்தன. முன்னால் பூபதி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நடந்தது எதுவும் ஞாபகமில்லை என்று சொன்ன பையன்தான், இருந்தாலும் அந்த இடத்தில் முகம் வெளுத்துவிட்டது. அதே நேரம் எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது.

இவர் வேகத்தைக் குறைத்தார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பூபதிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பயப்படாத சாமி. நான் என் பக்கந்தான் இருக்கறேன்."

லாரி கடந்து போயிற்று. குள்ளம்மாள் என் கையைப் பிடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன், நானும் அவள் கையைப் பிடித்திருந்தேன். கண்டக்டர் வந்து டிக்கெட் டிக்கெட் என்றான். டிரைவர் பொண்டாட்டியிடமே டிக்கெட்டா என்று எப்போதும்போல அவனை ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்கு ஒன்றும் பேசாமல், தர்மபுரிக்கு மூன்று என்று சொல்லிப் பையைத் திறந்தேன்.